நந்தினிக்கு யார் குரல்?

அன்புள்ள ஐயா,

‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகங்களையும் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். நாவலை நாலு முறை படித்த அம்மா புலம்பித் தீர்த்துவிட்டார். மணிமேகலையைக் காணோம், பழுவூர் இளையராணி நந்தினிக்கு ஐம்பதை நெருங்கும் நடிகையா என்று ஒரே கோபம். நந்தினியாக ஐஸ்வர்யா ராய் பொருந்தினாரா? நீங்கள் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச,

நாலு முறை படித்தவர் கோபப்பட்டால் அதற்கு மரியாதை உண்டு. அம்மாவிடம் சொல்லுங்கள். மணிமேகலை இல்லாதது எனக்கும் குறைதான். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்த கதை, ரெண்டு படத்துக்குள் அடைத்தால் யாராவது வெளியே நிற்கத்தான் வேண்டும். விடுங்கள்.

வயசுப் பேச்சுதான் எரிச்சலாக இருக்கிறது. முதல் பாகம் வந்தபோது ஆதித்த கரிகாலனாக நடித்த விக்ரமுக்கு 56 வயது. உங்கள் வீட்டில் யாராவது வாயைத் திறந்தீர்களா? இளவரசனுக்கு ஒரு கணக்கு, இளையராணிக்கு ஒரு கணக்கு!

கொஞ்ச நாளாகவே மனசில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. கடிதம் முழுக்க முகம்தான் இருக்கிறது. உடம்பில் அறுபத்துநாலு விழுப்புண் வாங்கிய தன் கிழக் கணவர் பெரிய பழுவேட்டரையரை நந்தினி எதனால் மடக்குகிறாள்? அழகு ஒரு பங்கு என்றால் பேச்சு மூன்று பங்கு. தமிழில் அந்தப் பேச்சைப் பேசியவர் தீபா வெங்கட். 1997இல் வந்த ‘இருவர்’தான் ஐஸ்வர்யாவின் முதல் படம். மணிரத்னம் அதிலேயே அவருக்கு இரட்டை வேடம் கொடுத்தார். குரல், ரோகிணி. 2010இல் ‘ராவணன்’, மறுபடியும் ரோகிணி. ஐஸ்வர்யா தமிழில் ஒரு நடிகையாக நின்றதில் இந்தப் பெண்களுக்குப் பங்கில்லையா? பொட்டு வைத்த இடம் சரியா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

எங்கள் பெரியம்மா தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்தார். மத்தியானம் அடுப்படி வேலை முடிந்ததும் சத்தமாகப் படிப்பார். வந்தியத்தேவன் வந்தால் வாசிப்பு குதிரை மாதிரி ஓடும். நந்தினி வந்துவிட்டால் குரல் தணிந்துவிடும். காதில் விழாமல் நாங்கள் தரையில் தேய்த்தபடியே நகர்ந்து அவர் முழங்கால் வரைக்கும் போய்விடுவோம். சரியாக அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெற்றிலைக் காம்பு கிள்ளுவார், பாவி! தொடருக்குப் படம் போட்ட மணியம் வரைந்த நந்தினியை அப்புறம்தான் நிதானமாகப் பார்த்தேன். எனக்குள் அவள் அதற்கு முன்பே பேச ஆரம்பித்திருந்தாள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஐஸ்வர்யாவுக்குப் ‘பொன்னியின் செல்வ’னிலும் இரட்டை வேடம்தான். ஊமை ராணி மந்தாகினிக்கு யாரும் குரல் கொடுக்க வழியில்லை. முதல் பாகத்தின் கடைசியில், மூழ்கும் அருள்மொழியைத் தேடித் தண்ணீருக்குள் வருகிறதே ஒரு நரைத்த தலை, அங்கே இருப்பதெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. ஒரு சொல் கிடையாது. அந்தச் சில நொடிகளைப் பற்றி உங்கள் வீட்டு விவாதத்தில் பேச்சே எழவில்லை போலிருக்கிறது.

பொருந்தினாரா என்றால், மந்தாகினிக்கு அப்பழுக்கில்லாமல் பொருந்தினார். நந்தினிக்கு யார் யாரைப் பாராட்ட வேண்டும் என்பது, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ரிமோட்டைத் தேடாமல் இருந்தால் உங்களுக்கே தெரியும்.