உள்பட்டையைத் திருப்பிப் பாருங்கள்

பழைய ஃபெல்ட் (மயிரையோ கம்பளியையோ அழுத்திப் பின்னவைத்த கெட்டித் துணி) தொப்பிகளைச் சேர்ப்பது, பராமரிப்பது, அணிவது பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

தெம்பனிஸ் வாசகர்: 1940களில் செய்த அமெரிக்க ஃபெடோரா (மேலே மடிப்பும் சுற்றிலும் விளிம்பும் உள்ள ஃபெல்ட் தொப்பி) என்று சொல்லி ஒருவர் இணையத்தில் 180 வெள்ளிக்கு விற்கிறார். படத்தில் புதிது போல இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

வெளிப்பக்கப் படத்தை நம்பாதீர்கள். தூரிகையால் நாலு தடவை தடவினால் எந்தத் தொப்பியும் படத்தில் நன்றாகத்தான் தெரியும். தலையைச் சுற்றி வருமாறு உள்ளே தைத்திருக்கும் தோல் பட்டைதான் உண்மையைச் சொல்லும். அந்த உள்பட்டையை வெளியே திருப்பி, அதன் பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தோல் கறுத்து விறைத்திருந்தாலோ, விரலால் வளைத்தால் அப்பளம் போல நொறுங்கினாலோ, தையல் துளைகள் வரிசையாகக் கிழிந்து அஞ்சல்தலை ஓரம் போலத் தெரிந்தாலோ, அந்தத் தொப்பி அணிவதற்கு ஆகாது. ஃபெல்ட்டில் படிந்த கறையைப் போக்கலாம். உளுத்த தோலை மீட்க வழியில்லை. புதுப்பட்டை தைத்துத்தான் ஆகவேண்டும், அதற்குத் தொப்பித் தொழில் தெரிந்த கை வேண்டும்.

வயதைக் காட்டும் தடயங்களும் அங்கேதான் இருக்கின்றன. அளவுச் சீட்டு, சில அமெரிக்கத் தொப்பிகளில் தொழிற்சங்கச் சீட்டு இரண்டும் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். தொப்பித் தொழிலாளர் சங்கமும் குல்லாய், பெண்கள் தொப்பி செய்வோர் சங்கமும் 1934இல் ஒன்றாயின. சீட்டில் இரண்டு தரப்பின் பெயரும் இருந்தால் தொப்பி அதற்குப் பிந்தியது. தொப்பிப் பெட்டியில் அமெரிக்கக் கடை முகவரி இருந்தால் ஊர்ப் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். இரண்டு இலக்க அஞ்சல் வட்டார எண் 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது. ஐந்து இலக்கம் அதற்குப் பிந்தியது. ஆனால் பெட்டி ஒன்று, தொப்பி வேறொன்று என்று சேர்த்து விற்பது சாதாரணம். பெட்டியை மட்டும் வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து, மயிரா கம்பளியா என்று கேளுங்கள். முயல், பீவர் மயிரில் செய்த ஃபெல்ட் மெல்லியதாக இருந்தாலும் உறுதியாக இருக்கும். விளிம்பை மெதுவாக வளைத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். கம்பளி ஃபெல்ட் சொரசொரப்பானது, மழையில் நனைந்தால் சீக்கிரம் சுருங்கும். 180 வெள்ளி மயிர்த் தொப்பிக்குக் கொடுக்கலாம், கம்பளிக்குக் கொடுக்காதீர்கள். கடைசியாக, தொப்பியின் உள்ளே கைத்தொலைபேசி விளக்கை வைத்து இருட்டில் ஒரு படம் கேளுங்கள். பூச்சி அரித்த துளைகளும், முன்பக்க மடிப்பில் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த கீறலும் நட்சத்திரம் போல மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

பிடோக் வாசகி: கணவருக்குப் பரிசாக வாங்க நினைக்கிறேன். அளவு எப்படி எடுப்பது?

தையல் நாடாவைக் காதுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, நெற்றி நடுவே சுற்றி அளந்துகொள்ளுங்கள். 57 சென்டிமீட்டர் என்றால் அமெரிக்க அளவு 7⅛, நம் பழைய கணக்கில் ஏழே அரைக்கால். 58 என்றால் ஏழே கால். பிரிட்டிஷ் தொப்பியில் எண் ஓர் அரைக்கால் குறையும்: அதே 57க்கு அங்கே 7 என்றுதான் போட்டிருக்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பழைய தோல் சுருங்கியிருக்கும் என்பதால் சீட்டில் உள்ள எண்ணை நம்பாமல், உள்பட்டையின் உள்சுற்றை விற்பவரிடமே அளந்து தரச் சொல்லுங்கள். கொஞ்சம் பெரிதாக இருந்தால் பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஃபெல்ட் துண்டை நெற்றிப் பக்கம் செருகினால் போதும். சிறிதாக இருந்தால் வாங்காதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: தொப்பியை நெகிழிப் பையில் சுற்றி, காற்றுப் புகாமல் ஒட்டி, அலமாரியில் வைத்தேன். ஓராண்டு கழித்து எடுத்தால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். என்ன தவறு செய்தேன்?

பையை ஒட்டியதுதான் தவறு. பூஞ்சணம் வளர ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் போதும்; சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரியே 80ஐத் தாண்டுகிறது. தோலும் மயிரும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த ஈரத்தோடு பையை ஒட்டினால் பூஞ்சணத்துக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது போலாகிவிடும். வெளிச்சுவரை ஒட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரி என்றால் இன்னும் மோசம், சுவரின் குளிர்ச்சியில் ஈரம் அங்கே தங்கும்.

இப்போது செய்யவேண்டியது: முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். மற்றத் தொப்பிகளுக்கு அருகில் வைத்துத் தட்டாதீர்கள். முதலில் ஈரம் போக, மின்விசிறிக் காற்றில் நிழலில் ஒரு நாள் வையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சணம் மயிருக்குள் இறங்கிக் கறையாக நின்றுவிடும். காய்ந்தபின் சன்னலோரத்தில், குதிரைமயிர்த் தூரிகையால் மென்மையாக, தொப்பியை மேலிருந்து பார்க்கக் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் தடவுங்கள். அந்தத் தூரிகையைக் கழுவிக் காயவைக்காமல் வேறு தொப்பியில் தொடாதீர்கள். உள்பட்டையை 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட துணியால் துடைக்கலாம். முதலில் பின்பக்க ஓரத்தில் தொட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பட்டையில் பொன்னெழுத்து இருந்தால் அதன்மேல் துணி படவே கூடாது, ஆல்கஹால் அதை அழித்துவிடும். வெயிலில் போடுவதும் தவறு. நம் ஊர் நண்பகல் வெயிலில் சாயம் வெளுக்கும், தோல் சுருண்டு தொப்பியின் அளவே குறைந்துவிடும்.

நிரந்தரத் தீர்வு, புகைப்படக் கருவிகளுக்கு விற்கும் மின்சார உலர்பெட்டி. 45 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். 40க்குக் கீழே போனால் தோல் வெடிக்கும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், மூடியுள்ள பெரிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போதும். எண் 55ஐத் தாண்டியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்திப் போடுங்கள். விளிம்பு தட்டையாகாமல் இருக்கத் தொப்பியைக் கவிழ்த்து வைக்காமல் மல்லாக்க வையுங்கள்.

பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையும் கற்பூரமும் சேர்த்துப் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இரண்டும் கலந்தால் நம் ஊர் வெப்பத்திலேயே இளகி எண்ணெய்க் கறையாகிவிடும். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் பாச்சை உருண்டை அறவே கூடாது. சந்தேகமான தொப்பியைப் பையில் நன்றாக மூடி, வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில், −18 பாகையில், இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் ஐஸ் தண்ணீர்க் குவளையில் வேர்ப்பது போலத் தொப்பி முழுவதும் ஈரம் படியும்.

தோ பாயோ வாசகர்: மழையில் நனைந்த தொப்பியை முடி உலர்த்தியால் காயவைத்தேன். இப்போது தலையில் இறங்கவில்லை.

சூடு தோலைச் சுருக்கிவிட்டது. ஃபெல்ட்டும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். அடுத்த முறை நனைந்தால் தண்ணீரை உதறிவிட்டு, உள்பட்டையை வெளியே இறக்கி, அந்தப் பட்டைமேலேயே தொப்பியை நிறுத்தி ஒரு நாள், இரண்டு நாள் தானாகக் காயவிடுங்கள்.

இந்தத் தொப்பிக்கு: மரத்தில் செய்த தொப்பி விரிப்பான் வாங்குங்கள். கெண்டியில் கொதிக்கும் நீரின் ஆவியில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விளிம்பும் குடமும் (தலையை மூடும் மேல்பகுதி) சேரும் மடிப்பில் மட்டும் ஆவி படட்டும். உள்பட்டையை வெளியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தோலில் ஆவி பட்டால் இன்னும் சுருங்கும். ஃபெல்ட் இளகியதும் பட்டையை உள்ளே மடித்து, விரிப்பானை வைத்து, லேசாக இறுகும்வரை திருகி இரவு முழுவதும் விடுங்கள். மறுநாள் அரைச் சுற்று. அதற்கு மேல் திருகினால் பட்டை பின்தையலில் பிளந்துவிடும். சமையலறைக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் இழுத்து மாட்டும் யோசனை வேண்டாம். கிண்ணம் வட்டம், தலை நீள்வட்டம். தொப்பி நெற்றியில் அழுத்தும், காதோரம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அங் மோ கியோ வாசகி: பழைய தொப்பிகளில் பாதரசம் இருக்கிறதாமே?

இருக்கக்கூடும். முயல் மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதற்காக அதைப் பாதரச நைட்ரேட்டில் தோய்த்தார்கள். மயிர் செம்மஞ்சளாக மாறியதால் தொழிலாளர்கள் இதற்குக் கேரட்டின் பெயரையே வைத்தார்கள். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுக்கம் வந்தது. அமெரிக்காவில் 1941இல் இது நின்றது. அருங்காட்சியகத் தொப்பிகளைச் சோதித்ததில் பாதரசம் இன்னும் எஞ்சியிருப்பது தெரிந்திருக்கிறது. அதனால் 1942க்கு முந்திய தொப்பியை மூடிய சமையலறையில் ஆவியில் காட்டாதீர்கள், தொட்டபின் கை கழுவுங்கள், குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். எங்கள் கருத்தில் அவை காட்சிக்கு வைக்கவேண்டியவை, நாள்தோறும் அணிய வேண்டாம்.

செங்காங் வாசகர்: தாத்தாவின் காக்கித் தொப்பி கெட்டியாக இருக்கிறது, ஆனால் எடையே இல்லை. இது ஃபெல்ட்டா?

இல்லை, அது சோலா தொப்பி. காக்கித் துணிக்குள் இருப்பது நெட்டி. தஞ்சாவூரில் கோபுரமும் பொம்மையும் செய்கிறார்களே, அதே நெட்டி. ஈரமோ ஆவியோ பட்டால் பசை விட்டு அடுக்கு பிரியும். உலர்ந்த தூரிகை மட்டும் போதும்.

ஈசூன் வாசகர்: இந்த வெப்பத்தில் ஃபெல்ட் தொப்பி அணிய முடியுமா?

நண்பகலில் திறந்தவெளியில் முடியாது. அதற்குப் பனாமா ஓலைத் தொப்பி இருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பிறகும், குளிர்சாதனமுள்ள மண்டபங்களிலும் தாராளமாக அணியலாம். உள்துணி இல்லாத, 100 கிராமுக்குக் குறைந்த மெல்லிய மயிர்த் தொப்பியாகத் தேடுங்கள். தொப்பியை வெளியே சுற்றியுள்ள நாடாவின் முடிச்சு இடப்பக்கம் வரவேண்டும். கழற்றும்போது முன்பக்க மடிப்பைக் கிள்ளிப் பிடிக்காமல், விளிம்பை முன்னும் பின்னும் இரு கையால் பிடித்துத் தூக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்பட்டையை உலர்ந்த துணியால் ஒற்றி, வெளியே திருப்பி, மின்விசிறியடியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள். ஒரே தொப்பியை அடுத்தடுத்த நாள் அணியாதீர்கள்; வியர்வை உப்பு தோலில் ஊறி நாடா வரை வெள்ளைக் கோடாக ஏறிவிடும்.