வே ஆறு எங்கே பிறக்கிறது, அதில் படகுகள் எப்போது ஓடத் தொடங்கின?

இங்கிலாந்தின் வே ஆற்றுக்குப் பிறப்பிடம் ஒன்றல்ல, இரண்டு. ஹாம்ப்ஷயரின் ஆல்டன் அருகே தோன்றும் வடகிளையும், ஹேஸில்மியருக்குத் தெற்கே பிளாக்டவுன் குன்றில் ஊறும் தென்கிளையும் டில்ஃபோர்டில் கூடி, காடல்மிங், கில்ட்ஃபோர்டு வழியாகப் பாய்ந்து, வேபிரிட்ஜ் அருகே தேம்ஸில் கலக்கின்றன.

படகுப் போக்குவரத்துக்கான பெருமை, என் பார்வையில், கில்ட்ஃபோர்டு அருகே நிலக்கிழாராக இருந்த சர் ரிச்சர்டு வெஸ்டனையே சேரும். வளைந்து நெளிந்து ஓடிய ஆற்றை மட்டும் நம்பாமல், குறுக்கே புதிய வாய்க்கால்களை வெட்டி, படகுகளை மட்டத்துக்கு மட்டம் ஏற்றி இறக்கும் இரட்டைக் கதவு மதகுகளை அமைக்கும் வேலையை அவர் தொடங்கினார். 1652இல் அவர் இறந்துவிட, மறு ஆண்டே கில்ட்ஃபோர்டு வரை வழி திறந்தது. 1764இல் அது காடல்மிங் வரை நீண்டது. மரமும் தானியமும், சில்வர்த் ஆலைகளின் வெடிமருந்தும் இவ்வழியே சென்றன. இவ்வழியில் உள்ள வோர்ஸ்ஃபோல்டு மதகின் அடைப்புப் பலகைகளைக் கையால் தூக்கி, முளை செருகி நிறுத்தும் பழைய முறையை இன்றும் காணலாம்.