இரும்பு வாள் இப்போதே வேண்டுமா?

கேள்வி: ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். இங்குள்ள கழகம் ஒன்றில் ஒன்றரை மாதமாக இடைக்கால நெடுவாள் பழகுகிறேன். இன்னும் நிற்பதும் நடப்பதும்தான் நடக்கிறது. வலது தோளும் வலிக்கிறது. சொந்தமாக எஃகு வாள் வாங்கி அறையில் பழகினால் சீக்கிரம் தேறிவிடுவேனா?

பதில்: வலியை முதலில் பார்ப்போம். இரு கைகளால் பிடிக்கும் அந்த வாள் பெரும்பாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டாது. அதற்கே தோள் வலிக்கிறதென்றால், பெரும்பாலும் வலக்கை ஒன்றே எல்லா வேலையையும் செய்கிறது என்று பொருள். இடக்கை பிடியின் அடியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வலக்கை முன்னே தள்ள, இடக்கை தன் பக்கம் இழுக்க வேண்டும். நெம்புகோல் போல வாள் தானே சுழலும். படுத்திருக்கும்போதும் வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடப்பதைக் குறைவாக எண்ணாதீர்கள். ஜெர்மன் வாள் ஆசான் லீக்டனாவரின் பாடல்களுக்கு 15ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ரிங்கெக், இடக்கால் முன்னிருக்க வலப்பக்கமிருந்து வெட்டினால் வலக்கால் வெட்டைத் தொடர வேண்டும், இல்லையேல் வெட்டு பொய் என்கிறார். கால் பின்தங்கினால் வாள் எட்டாது. அதைவிட மோசமானது கால் முந்துவது: எதிராளியின் வீச்சுக்குள் வெறுமனே நுழைந்துவிடுவீர்கள். வாள் கிளம்பிய பின்பே கால் கிளம்பட்டும். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மெதுவாகப் பத்து வெட்டு வெட்டிப் பாருங்கள். பிழை உடனே தெரியும்.

நான்கு நிலைகளின் பெயர்களே பாடம்: காளை, ஏர், முட்டாள், கூரை. முனையைத் தரைக்குத் தாழ்த்தி நிற்பதுதான் முட்டாள். காவலற்றவன் போலத் தெரிந்து எதிராளியை உள்ளே வரவழைக்கும் தந்திரம். புகைப்படத்துக்கு நிற்பதுபோல் இவற்றில் உறைந்து நிற்காதீர்கள். வாளை உயர்த்திப் பிடிக்கும் கூரை நிலையிலிருந்து இறங்கும் வெட்டு, பாதியில் நின்றால் ஏறத்தாழ ஏர், அதாவது முனை எதிராளியை நோக்கி நிற்கும் நிலை. முழுதாக இறங்கினால் முட்டாள். இந்தப் போக்குவரத்தைத்தான் பழக வேண்டும்.

பணம் இருந்தால் முதலில் பின்தலையையும் காக்கும் முகக்கவசம், கழுத்துக்காப்பு, கனத்த கையுறை வாங்குங்கள். சாதாரண வாள்விளையாட்டுக் கையுறை இதற்குப் போதாது, அடிபடுவது விரல்கள்தான். வாள் பிறகு, அதுவும் வளைந்து கொடுக்கும் மழுங்கலான ‘ஃபெடர்’ வகை. சுவரில் மாட்டும் அலங்கார வாளை வீசவே வீசாதீர்கள். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய இணைப்பு முறிந்து அலகு பறக்கும்.

அறையில் பழகக் குட்டையான கம்பு போதும். விளக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூரை நிலையில் முதல் பலி பெரும்பாலும் அதுதான்.