கம்ப்யூட்டர் கேள்வி – பதில்: எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?

ஹார்ட் டிஸ்க் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் சொல்கிறோம். எல்லாமே மேசைக் கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற 3.5 அங்குல டிஸ்க் பற்றியவை.

கேள்வி: சீகேட் நல்லதா, டபிள்யூடி நல்லதா? கடைக்குக் கடை வேறு வேறு பதில் வருகிறது. (கல்லூரி மாணவர், திருச்சி)

இரண்டும் உழைக்கும், இரண்டும் ஒரு நாள் போகும். இன்று ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி), தோஷிபா. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவை 2011-ல் சீகேட் வாங்கிவிட்டது. ஹிட்டாச்சியுடையதை 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது.

லட்சக்கணக்கான டிஸ்க்குகளை இரவும் பகலும் ஓட்டுகிற அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம், எந்த மாடலில் எத்தனை பழுதாயின என்ற கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. 2024-ல் பழுதானவை எல்லா மாடலும் சேர்த்து 1.57 சதவீதம். அந்தக் கணக்கில் சீகேட்டின் 3 டிபி மாடல் ஒன்று (எஸ்டி3000டிஎம்001) ஒரு காலத்தில் கொத்துக்கொத்தாகப் போனது. அதே சீகேட்டின் 4 டிபி மாடலோ வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஆக, கடையில் கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைப்பது கடைக்காரரின் போன மாத அனுபவம் மட்டும்தான். மாடல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். எதற்கு என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். புதிதாக வாங்கிய 4 டிபி டிஸ்க்கில் ஒரு கல்யாண ஆல்பத்தின் படங்களை ஏற்றினால் முதல் சில பத்து ஜிபி சர்ரென்று போகிறது. பிறகு வேகம் விழுந்து, சில நேரம் அப்படியே நிற்கிறது. டிஸ்க்கில் பழுதே இல்லை என்கிறார் கடைக்காரர். பழுதில்லாத டிஸ்க் ஏன் இப்படிச் செய்கிறது? (ஸ்டூடியோ உரிமையாளர், கும்பகோணம்)

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது எஸ்எம்ஆர் வகை டிஸ்க். ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின் மேல் ஏறி நிற்கும். எஸ்எம்ஆரில் தகவல் எழுதும் தடங்களும் அப்படித்தான், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்கும். அதே தகட்டில் அதிகக் கொள்ளளவு கிடைப்பது இதனால்தான். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஏறிய வரிசை முழுக்கப் பிரித்து அடுக்க வேண்டுமே? டிஸ்க்கும் அதைத்தான் செய்கிறது.

இந்தத் தாமதம் வெளியே தெரியாமல் இருக்க, தகட்டில் ஒரு சிறு பகுதியைச் சாதாரண முறையில் ஒதுக்கியிருப்பார்கள். வருவதை முதலில் அங்கே கொட்டிவிட்டு, டிஸ்க் சும்மா இருக்கும்போது உரிய இடத்தில் அடுக்கும். பாட்டு, படம், கணக்கு ஃபைல் என்று அவ்வப்போது எழுதுபவருக்கு இது தெரியவே தெரியாது. நீங்கள் ஒரே மூச்சில் 200 ஜிபி இறக்குகிறீர்கள். ஒதுக்கிய இடம் நிரம்பியதும், வருவதை வாங்கிக்கொண்டே பழையதையும் அடுக்க வேண்டிய நிலை. வேகம் விநாடிக்கு 150 எம்பியிலிருந்து 10, 20-க்கு விழும்.

மற்ற வகை சிஎம்ஆர். தடங்கள் ஒன்றையொன்று தொடாது, கடைசி வரை ஒரே சீராக எழுதும். உங்கள் தொழிலுக்கு இதுதான்.

அட்டைப்பெட்டியைப் பார்த்து வகையைக் கண்டுபிடிப்பது கடினம், பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். மாடல் நம்பரைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் பார்க்க வேண்டும். மூன்று கம்பெனிகளுமே இப்போது வெளியிடுகின்றன. 2020-க்கு முன் இந்த ஒழுங்கு இல்லை. டபிள்யூடி ரெட் என்ற பெயரில் நாஸ் பெட்டிகளுக்காக (பல டிஸ்க் போட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) விற்ற 2 முதல் 6 டிபி டிஸ்க்குகள் சத்தமில்லாமல் எஸ்எம்ஆருக்கு மாறியிருந்தது அந்த வருடம் வெளியே வந்து பெரிய ரகளை ஆனது. அதன் பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். ஆகவே ‘ரெட்’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், ‘பிளஸ்’ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கடையில் அடிக்கடி கண்ணில் படுபவற்றில், சீகேட் பாராகுடா 2 டிபி (எஸ்டி2000டிஎம்008), 4 டிபி (எஸ்டி4000டிஎம்004) இரண்டும் எஸ்எம்ஆர். அதே பாராகுடாவின் 1 டிபி (எஸ்டி1000டிஎம்010) சிஎம்ஆர். ஒரே பெயர், ஒரே பச்சை லேபிள், உள்ளே வேறு சரக்கு! சீகேட் அயன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ், தோஷிபா என்300 ஆகிய வரிசைகள் சிஎம்ஆர். கேஷ் (டிஸ்க்கின் தற்காலிக நினைவகம்) 256 எம்பி என்று போட்டிருந்தால் எஸ்எம்ஆர் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், 4 டிபி ரெட் பிளஸ்ஸிலும் 256 எம்பிதான்.

அயன்வுல்ஃப், ரெட் பிளஸ், என்300 மூன்றும் நாஸ் பெட்டிக்கென்று விற்கப்பட்டாலும் மேசைக் கம்ப்யூட்டரில் தனியாகப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும். வாரன்டி 3 வருடம், பாராகுடாவுக்கும் டபிள்யூடி புளூவுக்கும் 2 வருடம். வருடத்துக்கு 180 டிபி வரை எழுதவும் படிக்கவும் கணக்கிட்டுச் செய்தவை. பாராகுடாவுக்கு அந்தக் கணக்கு 55 டிபி. ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கட்டும். கெட்டுப்போன இடத்தைப் படிக்கச் சாதாரண டிஸ்க் நெடுநேரம் முட்டி மோதும். நாஸ் டிஸ்க் ஏழு விநாடி போலப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். இன்னொரு பிரதி வைத்திருப்பவருக்கு இதில் நஷ்டமில்லை. சுழற்சி நிமிடத்துக்கு 5400-ஆ 7200-ஆ என்று ரொம்ப யோசிக்காதீர்கள். படங்களைச் சேர்த்துவைக்க 5400 போதும், சூடும் சத்தமும் குறைவு.

இருக்கிற டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். முடிந்துபோன வேலைகளை ஒருமுறை எழுதி வைத்துவிட அது போதும். எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரை உடனே அணைக்காமல் சில மணி நேரம் ஓடவிட்டால், அடுக்குகிற வேலையை அதுவே முடித்துக்கொள்ளும். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) கட்ட மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போட 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

வேண்டாம். 250 அல்லது 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் எழுதுவது; சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே இணைப்பு) வாங்குங்கள், கம்ப்யூட்டரே புதிதானது போல இருக்கும். ஹார்ட் டிஸ்க் இனி சாமான் அறை மட்டும்தான்.

கேள்வி: ஆன்லைனில் ‘சர்வர் டிஸ்க், புத்தம் புதியது’ என்று பாதி விலைக்குக் கிடைக்கிறதே? (வாசகர், கோவை)

2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் இதே விளம்பரத்தை நம்பி சீகேட் எக்ஸோஸ் என்ற சர்வர் டிஸ்க் வாங்கிய பலருக்கு வந்தது, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சரக்கு. ஓடிய மணிக்கணக்கை யாரோ பூஜ்யமாக்கி விற்றிருந்தார்கள்.

வந்ததும் பார்க்க வேண்டியது இது. திருகு துளைகளில் கீறல், இணைப்பின் தங்க முனைகளில் தேய்ந்த கோடு, அழித்து ஒட்டிய லேபிள் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் வாரன்டி இல்லை என்றோ, இயந்திரத்தோடு சேர்த்து விற்ற டிஸ்க் என்றோ வந்தால் பழுதானால் நீங்களும் விற்றவரும்தான், கம்பெனி வராது. பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள், புதியதில் பூஜ்யம் அல்லது ஒற்றை இலக்கம் இருக்க வேண்டும். சீகேட் டிஸ்க்கில் இன்னொரு பதிவேடு உள்ளே இருக்கிறது, பெயர் ஃபார்ம். ஐரோப்பியத் தில்லுமுல்லு பிடிபட்டது அதனால்தான். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு அதைப் படித்துக் காட்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று: வாரன்டி என்பது டிஸ்க்குக்கு. உள்ளே இருந்த படங்களுக்கு யாரும் பொறுப்பில்லை.

கேள்வி: புது டிஸ்க் வாங்கியதும் சோதிக்க வேண்டுமா, நேரே பயன்படுத்தலாமா? (கணக்காளர், மதுரை)

சோதியுங்கள். தயாரிப்பிலோ, கூரியர்காரர் கையிலோ அடிபட்ட டிஸ்க் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அது கடையில் மாற்றித் தரும் கெடுவுக்குள் நடந்தால் உங்களுக்கு லாபம்.

விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது ‘குயிக் ஃபார்மட்’ எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அப்போது டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிட்டுப் படுங்கள். காலையில் தயாரிப்பாளரின் சோதனை மென்பொருளில் (சீகேட்டுக்கு சீடூல்ஸ்) முழு ஸ்கேன். முடிந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் கெட்ட இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். புது டிஸ்க்கில் மூன்றும் பூஜ்யம். ஒன்று இருந்தாலும் ‘பரவாயில்லை சார்’ என்ற சமாதானத்தை ஏற்காமல் மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சளாக ‘காஷன்’ காட்டுகிறது. டிஸ்க் போய்விட்டதா? (இல்லத்தரசி, வேலூர்)

எந்த வரியால் மஞ்சள் வந்தது என்பதுதான் விஷயம். 05 என்றால் கெட்ட இடங்களை ஒதுக்கிவிட்டு உதிரி இடத்துக்கு மாறியிருக்கிறது. எண்ணிக்கை 8-லேயே மாதக்கணக்கில் நின்றால் பதற்றமில்லை. இந்த வாரம் 8, அடுத்த வாரம் 40 என்றால் இன்றைக்கே பிரதி எடுங்கள். சி5 என்றால் படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள். அங்கே உங்கள் ஃபைல் ஏதாவது இருக்கலாம், 05-ஐவிட அவசரம். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் இருந்தால் சரி.

எண்கள் பதினாறின் அடிப்படையில் தெரியும், 10 என்று இருந்தால் அது 16. மெனுவில் பத்தின் அடிப்படைக்கு மாற்றிக்கொள்ளலாம். சீகேட்டில் 01, 07 வரிகளில் பயங்கரமான எண்கள் நிற்கும். அது அந்தக் கம்பெனியின் கணக்கு முறை, பழுதல்ல.

டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டு விண்டோஸிலும் தெரியாமல் போனால், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். உள்ளே எழுதிப் படிக்கும் தலை தகட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு முயற்சியிலும் மீட்கக்கூடியது குறையும்.

கேள்வி: மாட்டிவிட்டேன், ‘திஸ் பிசி’யில் டிஸ்க்கே தெரியவில்லை. (வாசகர், நாகர்கோவில்)

முதலில் கையை வைத்துப் பாருங்கள், லேசான அதிர்வு இருந்தால் மின்சாரம் போகிறது. இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (மின்சாரம் தரும் பெட்டி) வரும் அகலமான 15 முனை இணைப்பை எடுத்து அழுத்தி மாட்டுங்கள். பழைய நாலு முனை வயரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான இணைப்பு வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையில் உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்ததுண்டு.

அதிர்வு இருந்தும் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள், பிறகு மதர்போர்டில் வேறு துளையில் போடுங்கள். பல போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (போர்டில் நேரே செருகும் சிறு பட்டை) போட்டதும் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் செயலிழக்கும். எது என்று போர்டோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

பயாஸில் தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியவில்லை என்றால் பழுதே இல்லை. புது டிஸ்க்கில் பார்ட்டிஷன் (தகவல் வைக்கப் பிரித்த பகுதி) இருக்காது. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்லிக் கேட்கும், ஜிபிடி தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் கொடுத்தால் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் கைக்கு வராது. பிறகு கருப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து ‘நியூ சிம்பிள் வால்யூம்’, என்டிஎஃப்எஸ். கவனம்: டிஸ்க்கில் ஏற்கெனவே தகவல் இருந்தால் இதைத் தொடக்கூடாது.

4 டிபிக்குப் பதில் 3.63 என்று காட்டும், யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. கடைசியாகத் திருகு: கம்ப்யூட்டர் பெட்டியோடு வந்த பருமனான 6-32 திருகையே, பக்கத்துக்கு இரண்டாக நாலும் போடுங்கள். எஸ்எஸ்டிக்கு வரும் மெல்லிய எம்3 திருகு இந்தத் துளையில் பிடிக்காமல் ஆடும், டிஸ்க்கும் சேர்ந்து ஆடும்.