பழைய வரலாற்று வாழ்க்கைப் படங்கள் முதல்முறை பார்க்கும்போது ஏன் மெதுவாகத் தோன்றுகின்றன? அவற்றை எவ்வளவு நம்பலாம்?

உண்மையில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை நாடகமாக்கிச் சொல்லும் படமே வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம். முதல் உலகப் போரில் அரபுப் படைகளோடு சேர்ந்து போரிட்ட பிரித்தானிய அதிகாரி டி. இ. லாரன்ஸைப் பற்றி 1962இல் டேவிட் லீன் இயக்கிய 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மெதுவாகத் தோன்றுவதற்கு முதன்மையான காரணம் திரையின் அளவு. அப்படம் 70 மி.மீ. பெருந்திரையை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டது. பாலைவனக் கிணற்றருகே லாரன்ஸ் நிற்க, தொலைவில் கானல் நீருக்குள் ஒரு கரும்புள்ளி அசைந்து, மெல்ல மெல்ல ஒட்டகத்தில் வரும் மனிதனாக உருப்பெறும் காட்சியில், பெருந்திரையில் கண் அந்தப் புள்ளியைத் தேடிக்கொண்டே இருக்கும். கைபேசியிலோ புள்ளியே தெரியாததால் எதுவும் நடக்காதது போலிருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் இயன்ற அளவு பெரிய திரையில், இடைவேளை விட்டே பார்க்கலாம். படம் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும்.

இத்தகைய படங்கள் வரலாற்றிலிருந்து விலகுவது இடப்பற்றாக்குறையால்: ஒரு முழு வாழ்க்கையைச் சில மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும். வீட்டுச் சாமான்களை ஒரே பெட்டியில் அடுக்கும்போது சில விடுபடும், சில ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்படும் அல்லவா? அவ்வாறே பலருடைய இயல்புகள் ஒரே பாத்திரத்துக்குள் அடைக்கப்படுகின்றன. தோற்றமும் மாறும்: ஐந்தரை அடிகூட இல்லாத லாரன்ஸாக, ஆறடியைத் தாண்டிய பீட்டர் ஓ'டூல் நடித்தார். (அந்த உயரம் படத்துக்கு நன்மையே செய்தது என்பது என் எண்ணம்.)

நாயகன் உண்மையானவர் என்பதால் உடனிருப்பவர்களும் அப்படியே வாழ்ந்தவர்கள் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் அந்த ஒட்டகத்தில் வரும் ஷெரீஃப் அலி படத்துக்காக உருவாக்கப்பட்ட பாத்திரம்.