வாக்கியம் எங்கே? ஆங்கிலக் கேள்வி பதில்

கேள்வி: மசோதாவை 'டேபிள்' செய்தார்கள் என்று டில்லிச் செய்தியில் வந்தால் தாக்கல் என்கிறார்கள். அமெரிக்கச் செய்தியில் அதுவே தள்ளிவைப்பு. எது சரி?

பதில்: இரண்டும். இங்கேயும் பிரிட்டனிலும் அவை முன் வைப்பது, அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது ஒரு அவசரக் குறிப்பை உடனே எடுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் 'டேபிள்' செய்யச் சொல்ல, அமெரிக்கர்கள் கூடவே கூடாது என்று நிற்க, வாக்குவாதம் முற்றிய கதையைச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். எந்த ஊர்ப் பத்திரிகை என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: 'நர்ஸ்' வினையாக வந்தால் என்ன அர்த்தம்? அவசரம்.

பதில்: அவசரத்தில் வாக்கியத்தை விட்டுவிட்டீர்கள். ஒற்றைச் சொல்லைக் கிள்ளி அனுப்பாதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது? பத்துக் கடிதம் வந்தால் ஏழெட்டு இப்படித்தான். போனில் சொல்லைத் தொட்டதும் வருகிற முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, அது பொருந்தவில்லையே என்று என்னிடம் வருகிறீர்கள். 'ஹி நர்ஸ்ட் ஹிஸ் காபி ஃபார் ஆன் அவர்' என்று வைத்துக்கொள்வோம். காபிக்கு யாரும் பணிவிடை செய்யப்போவதில்லை, சரி, ஒரு மணி நேரம் ஒரே கப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். 'ஃபார் ஆன் அவர்' இல்லாவிட்டால் இது பிடிபட்டிருக்குமா? அந்த இடத்தில் 'கிரட்ஜ்' இருந்தால் வஞ்சத்தை உள்ளே வைத்து வளர்க்கிறான். குழந்தை இருந்தால் பால் கொடுக்கிறாள். யார், எதை, எவ்வளவு நேரம் என்று பார்த்தபிறகு அகராதியைத் திறங்கள்.

கேள்வி: 'தி ரூம் ஓவர்லுக்ஸ் தி சீ.' அறை கடலைக் கவனிக்கவில்லையா?

பதில்: அறைக்கு ஏது கண்? ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். ஆள் எழுவாயாக வந்து, பின்னால் பிழை, கணக்கு மாதிரி ஏதாவது வந்தால்தான் கவனிக்காமல் விட்டார்.

கேள்வி: ஏற்றுமதியில் ஜவுளி 20 சதவீதம் 'அக்கவுண்ட்' செய்கிறது என்றால்?

பதில்: மூலத்தில் 'அக்கவுண்ட்ஸ் ஃபார்' என்று இருந்திருக்கும், 'ஃபார்'ஐ முழுங்கிவிட்டீர்கள். ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்கு ஜவுளி. வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். இதையும் முன்பே சொல்லியாயிற்று.

கேள்வி: 'க்ளீவ்' என்றால் பிளப்பது. பழைய ஆங்கில பைபிளில் கணவன் மனைவியை 'க்ளீவ்' செய்வதாக வருகிறதே?

பதில்: பயப்படாதீர்கள், 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அது 'க்ளீவ் அன்டு', இணைந்திருப்பான் என்று அர்த்தம். பழைய ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு வினைகள், பிற்பாடு ஒரே உருவமாகிவிட்டன. பின்னால் 'டு' அல்லது 'அன்டு' வந்தால் ஒட்டுவது, இல்லையென்றால் பெரும்பாலும் வெட்டுவது.