பேட் வைத்த சைக்கிள் முக்கால் பேண்ட் உண்மையிலேயே வசதிதானா? எந்த அளவில் வாங்குவது?

கேள்வியோடு இரண்டு வரி சேர்த்து எழுதியிருக்கிறீர்கள்: உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் லைக்ராவைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது, வெளியே சாதாரண பேண்ட் மாதிரியும் உள்ளே உட்காரும் இடத்தில் மெத்தை மாதிரி பேட்டுமாக ஒன்று கிடைக்கிறதாமே, அதை வாங்கலாமா என்று.

தாராளமாக வாங்கலாம். ஆனால் நான் வாங்கிய மாதிரி வாங்காதீர்கள்.

நீங்கள் நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு கியர் சைக்கிள் வாங்கியவர், இப்போது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் சீட் குத்துகிறது என்று நானாக வைத்துக்கொள்கிறேன். தவறென்றால் மன்னித்துவிடுங்கள். இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

எனக்கு ஊர் சேலம். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். கோரிமேடு, அடிவாரம், செக்போஸ்ட், அப்புறம் ஏற்காடு மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்துக்கு மேல் சேலத்தின் உயரம் 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இடையில் உள்ள உயரத்தை முழுக்க நம் தொடைதான் தூக்க வேண்டும். தொடைகூடப் பரவாயில்லை, இரண்டு நாள் வலித்துவிட்டு அடங்கிவிடும். உட்காரும் இடம்தான் வம்பு. சமதளத்தில் அவ்வப்போது எழுந்து நிற்போம், காற்றும் அடிக்கும். ஏற்றத்தில் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்போம். முதுகு வியர்வை முழுக்க இடுப்பைத் தாண்டிக் கீழேதான் இறங்கும். ஈரமும் உரசலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் மச்சான் அமெரிக்காவில் இருக்கிறான். லீவுக்கு வரும்போது என்ன வேண்டும் என்றான். சைக்கிளுக்கு லூசாக ஒரு முக்கால் பேண்ட் என்றேன். அங்கே முழங்காலுக்குக் கீழே வரும் சைக்கிள் உடுப்பை நிக்கர் என்கிறார்களாம். நம் ஊரில் நிக்கர் என்றால் மூன்றாம் வகுப்புப் பையன் போடும் காக்கி டவுசர். போனில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவே பத்து நிமிஷம் ஆனது. என்ன சைஸ் என்று கேட்டான். இங்கே எப்போதும் எல் தான் எடுப்பேன், அதையே சொன்னேன். அதுதான் முதல் தப்பு. அவர்கள் ஊர் எல் எனக்குச் சாக்கு மாதிரி இருந்தது. நாடா இருந்ததால் இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். லூசாக இருந்தால் வசதிதானே என்று நினைத்தேன்.

இரண்டாவது தப்பு, உள்ளே ஜட்டி போட்டது. போடக்கூடாது என்று குழுவில் ஒருவர் சொல்லியிருந்தார். ஜட்டி போடாமல் வெளியே போவதா என்று மனசு கேட்கவில்லை. வளர்ந்த விதம் அப்படி.

ஐந்தாவது வளைவு வரை ராஜா மாதிரி போனேன். ஒன்பதாவதில் ஏதோ நெருடியது. அந்தத் தொளதொள பேண்டுக்குள் பேட் தனியாக ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. மடிந்த ஓரம் சரியாக எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே. அதற்கும் உள்ளே ஜட்டியின் தொடை எலாஸ்டிக் வியர்வையில் ஊறி, ஒவ்வொரு மிதிக்கும் ரம்பம் மாதிரி போய்ப் போய் வந்தது. பதினான்காவது வளைவில் இறங்கி மதில்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். குரங்குகள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன.

மேலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வந்தது. கை காட்டினேன். பழங்களுக்கு மேலேயே சைக்கிளைப் படுக்க வைத்துக் கயிறு கட்டினார் டிரைவர். முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி உட்கார்ந்தேன்.

"எங்கயாச்சும் விழுந்துட்டீங்களாண்ணா?"

"இல்லப்பா. உக்கார முடியல."

அவர் புரிந்துகொண்டதாகத் தலையாட்டினார். அடிவாரம் வரும் வரை மூலத்துக்குத் துத்தி இலையை எப்படி வதக்கிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கினார். எனக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை.

வீட்டில் என் அப்பா. அம்மாபேட்டையில் நாற்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். மே, ஜூன் வந்தால் பள்ளிக்கூட நிக்கர் மட்டும் நூற்றுக்கணக்கில் தைத்துத் தள்ளுவார். துவைத்துக் காயப்போட்டிருந்த என் முக்கால் பேண்டைக் கொடியிலிருந்து உருவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேட்டைக் கட்டை விரலால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக்கொண்டே போனார். பின்பக்கம் இரண்டு இடத்தில் கெட்டியாக, நடுவில் ஒரு பள்ளம், முன்னால் வர வர மெலிசு. தையல் எதுவும் புடைத்துக்கொண்டு இல்லை, படுக்கையாக ஓட்டியிருந்தது. சாதாரண பேண்டில் நான்கு தையல் வந்து கூடும் இடத்தில் இதில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். அப்பா அதை இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

"தெச்சவன் வெவரமானவன்தான்டா. நாலு தையல் சேர்ற முடிச்சு மேலதான் மனுசன் உக்கார்றான். அத எடுத்துட்டான். ஒனக்குத்தான் போடத் தெரியல. இது கோவணம் மாதிரி புடிச்சு நிக்கோணும். நீ சாக்கு மாதிரி தொங்க விட்டிருக்கே."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பேண்ட் இரண்டு பகுதி: வெளித்துணி, உள்ளே பேட் தைத்த இறுக்கமான உறை. வெளித்துணி கொஞ்சம் லூசாக இருந்தாலும் குற்றமில்லை, அது ஊர்க் கண்ணுக்கு. உள்உறைதான் உங்களுக்கு. அது தோலோடு தோலாக நிற்க வேண்டும், நகரவே கூடாது. அது நகராமல் இருந்தால்தான் பேட் உரசலை வாங்கிக்கொள்ளும், நகர்ந்தால் பேட்டே உரச ஆரம்பித்துவிடும். ஜட்டி வேண்டாம் என்பதும் இதனால்தான். முதலில் இந்த பேட் நிஜத் தோலாகத்தான் இருந்தது. ஷாமி என்ற மலையாட்டின் தோலைக் கம்பளி டவுசரில் வைத்துத் தைத்தார்கள். துவைத்தால் அப்பளமாகிவிடும் என்பதால் கிரீம் தடவிப் பதப்படுத்த வேண்டியிருந்தது. இப்போது வருவது ஃபோம்தான், பெயர் மட்டும் ஷாமி என்றே நின்றுவிட்டது.

அப்பா இடுப்பையும் தொடையையும் பிடித்து, உள்உறையைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தார். கச்சிதமாக இருந்தது. அடுத்த ஞாயிறு கோரிமேடு தாண்டவில்லை, டப் டப் என்று நூல் விட்டுப்போனது. துணி இழுபடும், சாதாரண மெஷினின் நேர்த்தையல் இழுபடாது. நாற்பது வருஷக் கைக்கு நேர்ந்த அவமானமாக அவர் அதை எடுத்துக்கொண்டார், இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு சேலம் குகைப் பகுதியில் பனியன் துணி தைக்கும் ஒருவரிடம் கொடுத்து, துணியோடு சேர்ந்து இழுபடும் ஓவர்லாக் தையல் போட்டு வாங்கினேன். அவரிடம் கொடுத்தது அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

"எங்க தாத்தா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஆத்தூர் வரைக்கும் மிதிச்சார், அவருக்கு என்ன பேட்" என்று யாராவது கீழே எழுத வருவீர்கள் என்று தெரியும். என் தாத்தாவும் மிதித்தவர்தான். அவர் சைக்கிளின் சீட் முறம் மாதிரி அகலம், தோல், கீழே ஸ்பிரிங். முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து போனார். இப்போதைய சைக்கிளில் சீட் ஒல்லி, நாமோ முன்னால் குனிந்து தொங்குகிறோம். அவரையும் இதில் உட்கார வைத்து ஏற்காடு ஏற்றியிருந்தால் அவரும் பேட் கேட்டிருப்பார். இது பணக்காரன் விளையாட்டு என்பவர்களுக்கு: நான் இப்போது போடுவது உள்ளூரில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது. மச்சான் கொண்டுவந்தது ஒன்றுதான் இறக்குமதி, அது பட்ட பாட்டைத்தான் சொல்லிவிட்டேனே.

பணக்காரன் என்றதும் ஞாபகம் வருகிறது. சேலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குச் சைக்கிளில் போனேன். கார் நிறுத்தக் கீழ்த்தளம், பைக்குக்குப் பந்தல். சைக்கிள் என்றதும் வாட்ச்மேன், "டோக்கன் இல்ல, வெளிய எங்கயாச்சும் போட்டுக்கங்க" என்றார். வெளியே என்றால் சாக்கடை ஓரம். என் சைக்கிள் விலைக்குப் பழைய பைக் ஒன்று வாங்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் விலை குறைந்த சைக்கிள் என்றால் மட்டும் சாக்கடையில் போடலாமா? காரில் வருபவன் ஒரு கர்ச்சீப் வாங்கினாலும் குடை பிடிக்கிறார்கள். நான் அன்று பட்டுப்புடவை எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து வேறு கடையில் எடுத்தோம். என் மனைவி கேட்டால் புடவை பிடிக்கவில்லை என்பாள். நம்பாதீர்கள்.

சரி, அளவுக்கு வருகிறேன். பேண்டில் போட்டிருக்கும் எழுத்தை நம்பாதீர்கள், இடுப்பளவை மட்டும் வைத்தும் எடுக்காதீர்கள். நமக்கெல்லாம் இடுப்பு என்பது தொப்பைக்கு மேலா கீழா என்பதே தகராறு. பின்பக்கம் அதிகம் புடைத்திருக்கும் இடத்தில், தையல்காரர்கள் சீட் என்பார்களே, அங்கே டேப் பிடித்து, அந்தக் கம்பெனியின் அளவு அட்டையோடு ஒப்பிடுங்கள். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்காதீர்கள். நின்றால் எல்லாமே குழந்தைக்கு நாப்பி கட்டிய மாதிரிதான் இருக்கும், அதைப் பார்த்தே பாதிப் பேர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். நாற்காலி முதுகைப் பிடித்துக் குனியுங்கள், சைக்கிளில் இருப்பது போல. பின்னால் இடுப்புப் பட்டை இறங்கி முதுகு தெரிகிறதா? முன்னால் பட்டை தொப்பையை அறுக்கிறதா? அப்படியே ஒரு காலை நெஞ்சுப் பக்கம் தூக்குங்கள். முழங்காலில் துணி பிடித்து இழுத்தால் அந்தப் பேண்ட் வேண்டாம், மலையில் ஒவ்வொரு மிதிக்கும் இழுக்கும். கால் ஓரம் முழங்கால் சில்லுக்கு மேலேயே நின்று மடியக் கூடாது, நாலு விரல் கீழே இறங்கினால் சரி. கடைசியாகப் பேட்டை வெளியிலிருந்து பிடித்து ஆட்டிப் பாருங்கள். தனியாக ஆடினால் ஒரு சைஸ் குறையுங்கள். வெளித்துணி கவுட்டியில் ரொம்பவும் தொங்கக் கூடாது, எழுந்து உட்காரும்போது சீட் மூக்கில், அதாவது முன் நுனியில், மாட்டும். வளைவில் பஸ் வரும்போது அப்படி மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பேட் கனமாக இருந்தால் நல்லது என்று நினைப்போம். மெத்தை மாதிரி இருப்பது முதல் அரை மணிக்கு இதம், அப்புறம் வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரப் பஞ்சாக உட்கார்ந்திருக்கும். எலும்பு படும் இரண்டு இடத்தில் கெட்டியாக இருந்தால் போதும். பெண்களுக்கு அந்த எலும்புகள் பொதுவாகக் கொஞ்சம் அகலத்தில் இருப்பதால் பேட் வேறு வெட்டில் வரும். எங்கள் குழுவில் வரும் ஒரு மேடம் கணவருடையதைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, அதைத் தரையைத் துடைக்கக்கூட வைத்துக்கொள்ளவில்லை என்றார்.

அரைக்காலா முக்காலா என்றால் என் ஓட்டு முக்காலுக்கு. மார்கழியில் விடியற்காலை மேலே முழங்கால் விறைத்துவிடும். முழுப் பேண்டென்றால் வலது கணுக்காலில் செயின் கிரீஸ். ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் வரை போனால் முக்கால் பேண்டோடு கூசாமல் உள்ளே போகலாம், அரைக்கால் லைக்ராவோடு எனக்குத் தைரியம் வராது. ஆனால் சித்திரை வெயிலில் சேலத்துக்குள் ஓட்ட இரண்டு அடுக்குத் துணி புழுங்கும், இதை மறைக்க விரும்பவில்லை.

நான் டாக்டர் இல்லை. வலி வேறு, மரத்துப்போவது வேறு. மரத்துப்போனால் அதற்குப் பேண்ட் வாங்கிப் பயனில்லை. சீட்டின் உயரத்தையும் மூக்குச் சாய்வையும் முதலில் சரி பாருங்கள், அப்படியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். புண் இருக்கும்போது ஓட்டவே ஓட்டாதீர்கள். நான் அந்தப் பலாப்பழப் பயணத்துக்குப் பிறகு மூன்று வாரம் சைக்கிளைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள், அதோடு உட்கார்ந்து பேப்பர் படிக்காதீர்கள். பச்சைத் தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, நிழலில் காயப்போடுங்கள். துணி மணக்க ஊற்றும் திரவம் வேண்டாம், அது பேட்டின் மேல் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது. உள்பக்கம் திருப்பிக் காயப்போட்டால் மாடிக்கு வருகிறவர்கள் எல்லாம் இது என்ன என்று கேட்பார்கள். எதிர்வீட்டு அம்மா என் மனைவியிடம் மெதுவாக, "மாமனாருக்கு ரொம்ப முடியலையா?" என்று விசாரித்தார்களாம். அப்பா அதைக் கேட்டதிலிருந்து அவருடைய கொடியில் என் துணியைப் போட விடுவதில்லை.